மாஸ்டரின் காலுக்குத் தெரிந்தது

காலை ஆறரை மணி. குடியிருப்புப் பகுதியின் உள்சாலையில், கூரைமேல் டிரைவிங் ஸ்கூல் பலகை வைத்த சின்ன கார் ஒன்று இரண்டாம் கியரில் ஊர்ந்து போகிறது. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருப்பவர் ஐந்தாம் நாள் மாணவி. இடப்பக்கம் ஒரு பால் வண்டி நிற்கிறது. அதைத் தாண்டப் போகும் நேரத்தில் கார் லேசாகக் குலுங்கி வேகம் குறைகிறது. பால் வண்டிக்கு முன்னாலிருந்து ஒரு சிறுவன் சைக்கிளோடு வெளிப்பட்டுச் சாலையைக் கடக்கிறான். "ம்... அப்படியே செகண்ட்லயே போங்க மேடம்" என்கிறார் பக்கத்து இருக்கையில் இருக்கும் மாஸ்டர்.

பிரேக்கை மிதித்தது அவர்தான். பயிற்சி வண்டியில் அவர் பக்கமும் கிளட்ச், பிரேக் இரண்டும் உண்டு. பையன் வெளியே வருவதற்கு முன்பே அவர் கால் அழுந்திவிட்டது. எதைப் பார்த்து? பால் வண்டியின் அடியில், சக்கரங்களுக்கு நடுவே தெரிந்த இரண்டு கால்களையா? நிற்கும் வண்டி என்றாலே அதன் முன்னால் ஆள் இருக்கும் என்ற இருபது வருடப் பழக்கமா? மாஸ்டர் சொல்லவில்லை. மாணவிக்கும் கேட்கத் தோன்றவில்லை. வண்டி நின்றது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பாடம் தொடர்ந்தது. அன்றைய அரை மணி நேரத்தில் மிக உயர்ந்த பாடம் அந்த ஒரு நொடியில்தான் இருந்தது. அது மாஸ்டரின் காலோடு நின்றுபோனது.

தமிழ்நாட்டு டிரைவிங் ஸ்கூல்களின் பலமும் குறையும் இந்த ஒரு காட்சிக்குள் அடங்கும்.

பலத்தை முதலில் சொல்வதே நியாயம். கார் இல்லாத வீட்டிலிருந்து வருகிறவருக்கும், அப்பாவோ கணவரோ கற்றுத்தர முன்வராத பெண்ணுக்கும், ஐம்பது வயதில் முதல்முறை ஸ்டியரிங்கைத் தொடுகிறவருக்கும் இந்தப் பள்ளிகளை விட்டால் வேறு வழி கிடையாது. நல்ல மாஸ்டர் ஒருவர் கிளட்ச் சொல்லித்தரும் விதத்தைக் கவனிக்க வேண்டும். இயந்திரத்தின் படம் எதையும் அவர் வரைவதில்லை. "காலைப் பூ மாதிரி விடுங்க. வண்டி லேசா அதிரும். அந்த இடத்துல காலை நிறுத்துங்க. இப்போ ஆக்ஸிலேட்டர்" என்கிறார். கற்கிறவரின் உடம்புக்குப் புரியும் மொழி இது. பத்து முறை வண்டி ஆஃப் ஆகும். பின்னால் நிற்கும் ஆட்டோ விடாமல் ஹாரன் அடிக்கும். மாஸ்டர் குரலை உயர்த்த மாட்டார். பதினொன்றாவது முறை வண்டி நகரும். வீட்டில் உறவுக்காரரிடம் கற்றுத் திட்டு வாங்கி, பாதியில் விட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்தவர்களைக் கேட்டால் இந்தப் பொறுமையின் மதிப்பைச் சொல்வார்கள்.

ஆனால் கைகால் பழகுவதற்கும் சாலை பழகுவதற்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைக் கடக்க விடாமல் தடுக்கும் காரணங்களில் முதலாவது நேரம். காருக்கான பயிற்சி 21 நாட்களுக்குக் குறையக் கூடாது, உண்மையில் வண்டி ஓட்டும் நேரம் 10 மணிக்குக் குறையக் கூடாது என்கின்றன 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். நாளுக்கு அரை மணி வீதம் 21 நாள் ஓட்டினால் பத்தரை மணி நேரம். கணக்கு சரிதான். நடைமுறையில் ஒரே காரில் மூன்று பேர் ஏறுகிறார்கள். ஒருவர் ஓட்ட, மற்ற இருவர் பின்னால் உட்காருகிறார்கள். ஒருவரை வீட்டில் ஏற்றி இன்னொருவரை இறக்குவதில் அந்த அரை மணியும் சுருங்கிவிடுகிறது. பிரிட்டனில் ஒருவர் தேர்வில் தேறுவதற்கு முன் சராசரியாக 45 மணி நேரம் பயிற்றுநரிடமும் 22 மணி நேரம் வீட்டாருடனும் ஓட்டிப் பழகுவதாக அங்குள்ள அரசு அமைப்பு சொல்கிறது. நம்முடைய பத்து மணி நேரத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனம் பதைக்கிறது.

அந்தப் பத்து மணியும் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. அதே விடிகாலை, அதே காலிச் சாலை, அதே மைதானம். மழையில் ஓட்டியதில்லை, இரவில் எதிர் வண்டியின் ஹைபீமைச் சந்தித்ததில்லை, நாற்பதைத் தாண்டியதில்லை. ரிவர்ஸ் எடுப்பதுகூட மனப்பாடம்தான். "அந்த வேப்பமரம் கண்ணாடியில தெரிஞ்சதும் லெஃப்ட்ல முழுசா ஒடிங்க" என்ற குறிப்பு அந்த மைதானத்தில் அற்புதமாக வேலை செய்யும். துணிக்கடை வாசலில் இரண்டு கார்களுக்கு நடுவே வேப்பமரம் இருக்காது.

வேகத்தைப் பற்றி யாரும் பேசாததுதான் இதில் மிகவும் வருத்தமானது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு, புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்தாலும், பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்கு முன்பே வண்டி 25 மீட்டர் போய்விடும். இரண்டு அரசுப் பேருந்துகளை முன்னும் பின்னுமாக நிறுத்திய நீளம் அது. வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் நான்கு மடங்காகும். முன்வண்டியோடு மூன்று நொடி இடைவெளி விட வேண்டும் என்ற எளிய அளவை ஒரு மாஸ்டர் ஒரு மைல்கல்லைக் காட்டி இரண்டே நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். முன்வண்டி கல்லைத் தாண்டியதும் ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று என்று எண்ணிப் பார்த்தால் போதும். பெரும்பாலான மாணவர்களின் காதில் அது விழுவதே இல்லை.

சொல்லப்படும் அறிவுரைகளிலும் சில காலாவதியாகிவிட்டன. "சடன் பிரேக் போடும்போது பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கணும்" என்பது பழைய வண்டிகளுக்குப் பொருத்தமான பேச்சு. 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களில் ஏ.பி.எஸ். கட்டாயம். அந்த வண்டிகளில் அவசரத்தில் பிரேக்கை முழுமூச்சாக அழுத்தி, அழுத்தியபடியே வைத்திருக்க வேண்டும். கால் அடியில் 'கடகட' என்று அதிர்வு வரும். அதற்குப் பயந்து காலை எடுத்துவிடக் கூடாது. பள்ளி வண்டி பழையதாக இருப்பதால் அந்த அதிர்வை மாணவர் ஒருமுறைகூட உணராமலேயே வீட்டில் நிற்கும் புது காருக்குப் போகிறார்.

இன்னும் மோசமான அறிவுரை ஒன்று பல இடங்களில் சொல்லப்படுகிறது: நாற்சந்தியில் நேராகப் போவதானால் நான்கு இண்டிகேட்டரையும் போட்டுக்கொள். பழுதாகி நிற்கும் வண்டிக்காக வைத்த விளக்கு அது. வலப்பக்கச் சாலையிலிருந்து வருகிறவருக்கு உங்கள் வண்டியின் ஒரு பக்க விளக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் வலப்பக்கம் திரும்புவதாக அவர் நினைப்பார். இடப்பக்கம் நிற்கிறவர் இடப்பக்கம் திரும்புவதாக நினைப்பார். நேராகப் போகிறவர் எந்த விளக்கும் போட வேண்டியதில்லை. தவறான இந்தப் பழக்கம் மாஸ்டரிடமிருந்து மாணவருக்கும், அந்த மாணவரே பின்னாளில் மாஸ்டரானால் அடுத்த தலைமுறைக்கும் போகிறது. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்பதும் இதே வகை. நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட வால்பாறைச் சாலையிலோ, எழுபது வளைவுகள் கொண்ட கொல்லிமலையிலோ அப்படி இறங்கினால் பிரேக் சூடேறிச் செயலிழக்கும். ஏறிய கியரிலேயே இறங்கு, மேலே ஏறி வருகிற வண்டிக்கு வழி விடு என்ற இரண்டு வரிகளைச் சமவெளிப் பள்ளிகள் பாடத்தில் சேர்ப்பதில்லை. விடுமுறையில் மலைக்குப் போவது அந்தச் சமவெளிக்காரர்கள்தான்.

மாஸ்டர்களை மட்டும் குற்றம் சொல்வது சரியில்லை. மாணவர் பணம் கட்டுவது லைசென்ஸுக்கு. எல்.எல்.ஆர். கிடைத்து முப்பது நாள் கழிந்ததும் தேர்வுக்குப் போகலாம். 'டெஸ்ட்டும் சேர்த்து' என்று ஒரு தொகை பேசப்படுகிறது. பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் சில நிமிடம் ஓட்டிக் காட்டுவதற்கு எது தேவையோ அதைப் பள்ளி கற்றுத்தருகிறது. தேர்வு எதைக் கேட்கிறதோ அதுவே பாடமாகும். விதிகளின்படி கண்ணாடி பார்ப்பது, சைகை காட்டுவது, பாதுகாப்பாக முந்துவது எல்லாம் தேர்வில் சோதிக்கப்பட வேண்டியவை. நடைமுறையில் இருசக்கர வண்டிக்கு எட்டுப் போடுவதோடும், காருக்கு ஒரு சிறு தொலைவோடும் முடிந்துவிடுகிறது.

இதை மாற்ற முயன்றால் என்ன நடக்கும் என்பதைக் கேரளம் 2024இல் கண்டது. ஒரு நாளில் நடத்தும் தேர்வுகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்து, இரட்டைக் கட்டுப்பாட்டு வண்டியைத் தேர்வுக்குக் கொண்டுவரக் கூடாது என்றும் உத்தரவிட்டபோது, பள்ளிகள் வாரக்கணக்கில் தேர்வைப் புறக்கணித்தன. அரசு இறங்கி வந்தது. பள்ளிகளின் பிழைப்புக் கவலை உண்மையானது. ஆனாலும் பக்கத்தில் ஒரு பிரேக் இருக்கும்போது ஓட்டியதை வைத்து, அது இல்லாமல் ஓட்டத் தகுதி உண்டு என்று சான்று தரலாமா என்ற கேள்வி எழுந்தபடியே நிற்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மையங்கள் இன்னொரு பாதை. அங்கே காருக்கு 29 மணி நேரம்: 8 மணி வகுப்பு, 21 மணி ஓட்டம். நகரச் சாலை, கிராமச் சாலை, நெடுஞ்சாலை, ஏற்ற இறக்கம் எல்லாம் உண்டு. பாடத்திட்டமாக இது பெரிய முன்னேற்றம். அங்கே தேறியவருக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத் தேர்வே வேண்டாம் என்பதுதான் நெருடுகிறது; கற்றுத்தருகிற கையே மதிப்பெண்ணும் போடுகிறது.

பயிற்சியை நீட்டினால் மட்டும் விபத்து குறைந்துவிடுமா? அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டீகால்ப் மாவட்டத்தில் 1970களின் இறுதியில் தொடங்கி, சுமார் 16,000 பள்ளி மாணவர்களைப் பிரித்துச் சோதித்தார்கள். மிகச் சிறப்பாக வடிவமைத்த பயிற்சிகூட நெடுநாள் பலன் எதையும் தெளிவாகக் காட்டவில்லை. மாறாக சுவீடன் 1993இல் ஓட்டிப் பழகும் வயதைப் பதினேழரையிலிருந்து 16ஆகக் குறைத்தது. அந்த வாய்ப்பைப் பயன்படுத்தியவர்கள் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சராசரியாக 118 மணி நேரம் ஓட்டினார்கள். அவர்களுடைய விபத்துகள் கணிசமாகக் குறைந்தன. அதில் குடும்ப வசதிக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனாலும் வகுப்பைவிட, அனுபவசாலி ஒருவர் துணையோடு பலவகைச் சாலைகளில் ஓடிய மணிநேரங்களே கண்ணைப் பழக்குகின்றன என்று கொள்ள இடமிருக்கிறது.

அந்தத் துணையை நம் முறை லைசென்ஸ் வந்த நாளிலேயே துண்டித்துவிடுகிறது. நியூசிலாந்து 1987 முதல் படிப்படியான உரிமத்தை வைத்திருக்கிறது. நடுக்கட்டத்தில் இருப்பவர் இரவு பத்து மணிக்கு மேல் தனியாக ஓட்டக் கூடாது, நண்பர்களை ஏற்றிக்கொள்ளக் கூடாது. பிரிட்டனில் முதல் இரண்டு ஆண்டுக்குள் ஆறு தண்டப் புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் பறிபோய், முதலிலிருந்து தொடங்க வேண்டும். இங்கே 18 வயதில் உரிமம் வாங்கியவருக்கு அது நாற்பது வயது வரை செல்லும். இருபத்திரண்டு ஆண்டுகள் அவர் எப்படி ஓட்டுகிறார் என்று யாரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப்போவதில்லை. சிவப்பு 'எல்' பலகையைக் கழற்றிய அன்றே அவர் நண்பர்கள் நால்வரோடு இரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகலாம். 2022இல் தமிழகத்தில் நடந்த விபத்துகள் 64,105, நாட்டிலேயே அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர். எல்லாம் புதியவர்களால் நேர்ந்தவை அல்ல. ஆனால் சாலையைப் படிக்கத் தெரியாமல் வண்டியை மட்டும் ஓட்டத் தெரிந்தவர்களை ஆண்டுதோறும் இந்தச் சாலைகளில்தான் இறக்கிவிடுகிறோம்.

சட்டம் மாறும்வரை காத்திருக்காமல் மாஸ்டர்களே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பிரிட்டிஷ் காவல்துறை ஓட்டுநர் பயிற்சியில் நெடுங்காலமாக உள்ள வழி: ஓட்டும்போதே, கண்ணில் படுவதையும் அடுத்து நடக்கக்கூடியதையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போவது. இதற்குப் புது வண்டியோ பாடநூலோ வேண்டாம். முதல் வாரம் மாஸ்டர் சொல்லட்டும், பிரேக்கை மிதித்தால் ஏன் மிதித்தேன் என்று அப்போதே சொல்லட்டும். இரண்டாம் வாரம் ஓட்டுகிறவர் சொல்லட்டும். தன் முறைக்காகப் பின்சீட்டில் செல்பேசியைப் பார்த்தபடி காத்திருக்கும் அந்த இருவரையும் இதில் சேர்த்துக்கொண்டால், ஒருவருடைய அரை மணி மூவருடைய ஒன்றரை மணியாகும். "முன்னாடி பஸ் நிக்குது மாஸ்டர். இறங்கினவங்க யாராவது முன்பக்கமா வருவாங்க" என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வரும். ஓட்டுகிறவரின் கால், தானாகவே, ஆக்ஸிலேட்டரை விட்டு எழும்.