என்ன மறந்தாள் என்று யார் சொல்வது?

ஒரு கேள்வித்தாளையும் பிரதியாக வாசிக்கலாம். யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது, யாருக்கு அதில் இடமில்லை என்று கேட்கலாம். டிமென்ஷியா எனும் மறதிநோயை முன்கூட்டியே கண்டறியும் ஆய்வுகளுக்கு இந்த வாசிப்பு அவசியம்.

1975இல் அமெரிக்காவில் உருவான எம்.எம்.எஸ்.இ. சோதனை இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும். ஒரு வாக்கியம் எழுத வேண்டும். பின்னிய இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய வேண்டும். செஞ்சிக்கு அருகே அவலூர்பேட்டையில், பள்ளிக்கூடம் போகாமல் நாற்று நட்டும் மல்லாட்டை ஆய்ந்தும் எழுபது வயதைத் தொட்ட ஒருத்தியிடம் இந்தத் தாளை நீட்டினால் என்ன ஆகும்? தோற்பது பென்சில் பிடிக்காத கை. தோற்றதாகப் பதிவாவது அவள் நினைவு.

இதை ஆய்வாளர்களும் உணர்ந்தார்கள். 10/66 என்ற ஆய்வுக் குழுவின் பெயரே ஒரு குற்றச்சாட்டு: நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அங்கே நடக்கவில்லை. இந்தக் குழு சென்னையிலும் வேலூர்ப் பக்கக் கிராமங்களிலும் ஆய்வு செய்து, 2008இல் லான்செட் இதழில் முடிவுகளை வெளியிட்டது. அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின் வரையறைப்படி, 65 வயதைத் தாண்டியவர்களில் டிமென்ஷியா உள்ளோர் கியூபாவில் 6.3 சதவீதம், இந்தியக் கிராமத்தில் 0.3 சதவீதம். குழு தன் சொந்த முறையில் கணித்தபோதோ, ஆய்ந்த எந்த இடத்திலும் 5.6 சதவீதத்துக்குக் குறையவில்லை.

ஏன் இந்த இடைவெளி? அந்த வரையறைப்படி, நோய் அன்றாட வாழ்வைக் குலைத்திருக்க வேண்டும். அதை வீட்டார் சொல்ல வேண்டும். வளர்ச்சி குறைந்த இடங்களில் வீட்டார் அப்படிச் சொல்வது குறைவு என்று ஆய்வே குறிப்பிட்டது.

நம் வாசிப்பு இங்கே தொடங்குகிறது. மருமகள் அடுப்படியை எடுத்துக்கொண்டபின் கிழவியிடம் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. எதிர்பார்ப்பு இல்லாத இடத்தில் இழப்பும் தெரியாது. சந்தையில் கணக்குத் தவறிய ஆணை ஊரே கவனிக்கும். குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டவளுக்கு வசவுதான் மிஞ்சும். அவள் செய்தது வேலையாகவே எண்ணப்படாதபோது, செய்ய முடியாமல் போனதை யார் எண்ணுவது?

2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு, 60 வயதைத் தாண்டிய பெண்களில் 9 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 5.8 சதவீதம் பேருக்கும் டிமென்ஷியா இருப்பதாக மதிப்பிட்டது. லான்செட் ஆணையம் 2024இல் பட்டியலிட்ட 14 காரணிகளில் குறைந்த கல்வியும் ஒன்று. பள்ளிக்கு அனுப்பாத குற்றம் அவளையே இரண்டு முறை தண்டிக்கிறது: நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிறது, நோயை அளக்கும் சோதனையையும் பொய்யாக்குகிறது.

2025இல் அமெரிக்கா ஓர் இரத்தப் பரிசோதனைக்கு அனுமதி தந்தது. இரத்தம் எழுத்தறிவு கேட்காது. ஆனால் அந்தப் பரிசோதனை, அறிகுறி தெரிந்து சிறப்பு மருத்துவரிடம் வந்து சேர்ந்தவர்களுக்கானது. அறிகுறியை முதலில் யாராவது பார்த்திருக்க வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது இவைதான். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் பெண்கள், நினைவையும் விசாரிக்கட்டும். அதற்குரிய பயிற்சியும் ஊதியமும் கிடைக்கட்டும். கேள்விகள் நடவிலிருந்தும் கூலிக் கணக்கிலிருந்தும் அடுப்படியிலிருந்தும் வரட்டும். மகனைக் கேட்கும் முன் அவளையும், அவளோடு களை எடுத்தவர்களையும் கேட்கட்டும். கண்டறிந்தபின் பராமரிப்பு முழுவதையும் மருமகளின் கூலியில்லா வேலையாக்கிவிட்டால், அந்த வீட்டில் கவனிக்கப்படாத இன்னொருத்தி உருவாகிறாள்.