பிந்தி ஆடுபவரின் கணக்கு

பதுளை, பசறை, ஹாலிஎல பக்கத்துத் தோட்டங்களின் மென்பந்துக் கிரிக்கெட்டைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு, வேகம் குறைந்த பந்துக்குத் துடுப்பைக் கடைசி நொடியில் வீசும் அந்த மத்திய வரிசை வீரரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 'தூங்குமூஞ்சி' என்று எல்லைக்கோட்டோரம் அவருக்கு வழங்கும் பட்டம், அங்கு நடப்பதை முற்றிலும் தலைகீழாகப் புரிந்துகொண்டதன் விளைவு.

2000இல் மைக்கேல் லாண்டும் பீற்றர் மக்லியோடும் துடுப்பாட்ட வீரர்களின் கண்ணசைவைப் பதிவுசெய்தபோது, அவர்கள் பந்தை முழுத் தூரமும் பின்தொடராமல், அது குத்தப்போகும் இடத்துக்குப் பார்வையை முன்கூட்டியே தாவவிட்டுக் காத்திருப்பதும், தேர்ந்தவரின் பார்வை மற்றவர்களுடையதைவிட விரைந்து தாவுவதும் தெரியவந்தன. ஆகவே பிந்தி அடிப்பவர் பிந்திப் பார்ப்பவர் என்று கொள்வதற்கு இடமில்லை.

மெதுவான பந்து எளிது என்பது இன்னொரு மயக்கம். 2010இல் ஜசாயேரி, ஷாட்லென் ஆகியோர் கால இடைவெளிகளை மீட்டுக்காட்டச் செய்த சோதனையில், மனிதரின் கணிப்பு அண்மையில் அனுபவித்த இடைவெளிகளின் சராசரியை நோக்கிச் சாய்ந்தது. நீண்ட இடைவெளிகளில் கணிப்பு தடுமாறுவதால் இந்தச் சாய்வும் அங்கே கூடுதலாக இருந்தது. நான்கு வேகப்பந்துகளுக்குப் பின் ஒன்று மெதுவாக வரும்போது பலருடைய துடுப்பு முந்திக்கொள்வதும், பந்து வானில் எழும்பிப் பிடியாவதும் இதனாலேயே. சராசரியின் இந்த இழுப்புக்கு உடன்படாமல், பந்து குத்தி எழும்வரை முடிவை ஒத்திவைப்பதுதான் அவருடைய வித்தை. காலடிக்கு விரைந்து வரும் யோர்க்கருக்கு அவர் அவ்வப்போது விக்கெட்டைப் பறிகொடுப்பது உண்மைதான்; எனினும் அது கொடுக்கத்தக்க விலையே.

தென்மேற்குப் பருவக்காற்று மலை தாண்டி வறண்டு இறங்கும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், ஊவாத் தேயிலைக்கு மணம் சேர்க்கும் அதே கச்சான் காற்று பாரமற்ற மென்பந்தை ஓவருக்கு ஓவர் வேறுவேறாகத் தள்ளும்போது, நம்பத்தக்க சராசரி என்று எதுவும் மிஞ்சாது என்பதால், முந்தி வீசுவோர் வரிசையாக வெளியேற, அவர் ஓட்டங்களைக் குவிப்பார். பந்துவீச்சாளர்கள் மெதுவான பந்தைக் கைவிட்டு யோர்க்கரையே நம்பத் தொடங்குவார்கள். அதற்கும் அவர் ஒரு பருவத்துக்குள் பழகிக்கொள்வார். ஆனால் பதுளையின் வின்சன்ட் டயஸ் மைதானத்தில் கடினபந்து ஆட அழைக்கப்பட்டால், மென்பந்தின் எழும்பலில் ஊறிய காலக்கணக்கை மனம் புதிதாகப் பயிலவேண்டியிருப்பதால், முதற்சில இன்னிங்ஸ்களில் அவர் தடுமாறுவார். தேர்வாளர்கள் பெரும்பாலும் அந்த இடைக்காலத்திலேயே அவரை நீக்கிவிடுவார்கள்.