நுரையீரலைக் காட்டும், வைரஸைக் காட்டாது

காற்று நிறைந்த உறுப்புக்குள் மீயொலி நுழையாது, ஆகவே அல்ட்ராசவுண்டுக்கு நுரையீரலில் வேலையில்லை என்பதே நெடுங்காலம் மருத்துவ நம்பிக்கையாக இருந்தது. பிரான்ஸின் தீவிர சிகிச்சை மருத்துவர் டேனியல் லிக்டென்ஸ்டைன் அந்தத் தடையையே தடயமாக்கினார். நல்ல நுரையீரலில் காற்று ஒலியைத் திருப்பி அனுப்புவதால் திரையில் கிடைக்கோடுகள் தெரியும். அவை ‘ஏ கோடுகள்’. திசுவில் நீர் கோத்தாலோ அழற்சி ஏற்பட்டாலோ செங்குத்தாக இறங்கும் ‘பி கோடுகள்’ தோன்றும். 2008இல் அவர் வெளியிட்ட ‘ப்ளூ’ நெறிமுறை, கடும் மூச்சுத்திணறலோடு வந்த 260 பேரில் 90.5 விழுக்காட்டினருக்குக் காரணத்தைச் சரியாகச் சொன்னது. அந்த வெற்றி ஒரு மிகைநம்பிக்கைக்கும் இடம் கொடுத்தது. அவசரப் பிரிவில் படுக்கையோரமாகவே வைரஸ் நிமோனியாவைக் கண்டறிந்துவிடலாம் என்று கோவிட் காலத்தில் பேசப்பட்டது. உண்மையில் இக்கருவி காட்டுவது நுரையீரலுக்கு நேர்ந்த சேதத்தை மட்டுமே. அந்தச் சேதத்தைச் செய்தது எது என்ற கேள்விக்கு அதனிடம் நேரடி விடையில்லை.

அதன் வலிமையைக் குறைத்துச் சொல்லவும் கூடாது. கோவிட் பாதிப்பு பெரும்பாலும் நுரையீரலின் வெளிவிளிம்பில், உறையை ஒட்டியே தொடங்கும். மீயொலி எட்டும் இடமும் அதுதான். கரடுமுரடான உறை, திட்டுத்திட்டாகப் பி கோடுகள், உறைக்கு அடியில் சிறு இறுக்கங்கள், இடையிடையே நலமான பகுதிகள் என ஒரு பாங்கே திரையில் புலப்படும். சந்தேக நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளைத் திரட்டி காக்ரேன் அமைப்பு 2022இல் வெளியிட்ட மதிப்பீட்டில், கோவிட் உள்ளவர்களைப் பிடிக்கும் திறன் அல்ட்ராசவுண்டுக்குச் சுமார் 89 விழுக்காடு. சி.டி.க்கு 87, எக்ஸ்ரேவுக்கு 73. கதிர்வீச்சு இல்லாததால் கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் தயங்காமல் செய்யலாம். ஆக்சிஜனில் இருப்பவரை ஸ்கேன் அறைக்குத் தள்ளிச் செல்லவும் தேவையில்லை.

அதே மதிப்பீட்டின் மறுபக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. கோவிட் இல்லாதவரை ‘இல்லை’ என்று சரியாக ஒதுக்கும் திறன் சுமார் 72 விழுக்காடுதான். இதன் பொருளை ஒரு கணக்குப் போட்டால் உணரலாம். அலை உச்சத்தில், சந்தேகத்தோடு வரும் 1,000 பேரில் 500 பேருக்குத் தொற்று இருப்பதாகக் கொள்வோம். கருவி 445 பேரைச் சரியாகவும் 140 பேரைத் தவறாகவும் ‘உண்டு’ என்னும். நான்கில் மூன்று சரி. அலை ஓய்ந்தபின் 1,000 பேரில் 50 பேருக்கு மட்டும் தொற்று என்றால், சரியானவை 45-க்குள் நின்றுவிடும், தவறானவையோ 266 ஆகும். ‘உண்டு’ எனப்பட்டவர்களில் ஏழில் ஆறு பேருக்கு இல்லாத நோயின் பெயர் விழும். கருவியும் மாறவில்லை, கையாள்பவரும் மாறவில்லை. பெருந்தொற்றின் உச்சத்தில் பெற்ற நம்பிக்கையைச் சாதாரண நாளுக்கு அப்படியே கொண்டுவர முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தேர்ந்த கைகளுக்கு இந்தக் குழப்பம் வராது என்பார்கள். ஓரளவு உண்மை. இதயம் செயலிழந்து நீர் கோக்கும்போது பி கோடுகள் இருபுறமும் சீராக இருக்கும், உறையும் வழவழப்பாகத் தெரியும். ஆனால் இன்ஃப்ளூயன்ஸாவும் கோவிட்டும் ஒரே மாதிரியான பாங்கைக் காட்டக்கூடும். நாள்பட்ட நுரையீரல் தழும்பும் அதையொத்த தோற்றம் தரும். முதியவர் பலருக்கு இதய நோயும் தொற்றும் சேர்ந்தே இருக்கும். வைரஸ் மேல் சுவாசப் பாதையோடு நின்றிருந்தால் படம் சுத்தமாகவே இருக்கும். உறையை எட்டாத ஆழமான பாதிப்பும் தெரியாது. இவற்றில் பல பயிற்சியால் தீராதவை, கருவியின் எல்லைகள். பி.சி.ஆர். முடிவுக்குக் காத்திருக்க நேரமில்லையே என்ற மறுப்பு இன்னும் வலுவானது. 2020இல் முடிவு வரத் தாமதமானபோது, நோயாளியை எந்த வார்டுக்கு அனுப்புவது என்று தீர்மானிக்க அல்ட்ராசவுண்ட் உதவியது நியாயமே. அப்போதும் அது செய்தது தரம்பிரிக்கும் வேலை, நோயை உறுதிசெய்யும் வேலையல்ல. இன்ஃப்ளூயன்ஸாவுக்கு ஓசெல்டமிவிர் நோய் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன் அதிகம். அறிகுறியும் பருவமும் பொருந்தினால் மருந்தைத் தொடங்கிவிட வேண்டும், பி கோடுகள் தென்படட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கையடக்கமான கருவிதானே, எல்லா இடத்திலும் வைத்துவிடலாம் என்ற வாதம் இந்தியாவில் அவ்வளவு எளிதாகச் செல்லாது. கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்க வந்த 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஸ்கேன் கருவிகளைப் பதிவு செய்ய வேண்டும். எடுத்துச்செல்லும் கருவிகளுக்குக் கூடுதல் கட்டுப்பாடும் உண்டு. பெண்கருக்களைக் காக்கும் அந்தச் சட்டத்தைத் தளர்த்தக் கோருவதைவிட, பதிவு பெற்ற அவசரப் பிரிவுகளில் மருத்துவர்களுக்கு முறையான பயிற்சி தருவதே உடனடியாகச் செய்யக்கூடியது.

ஆகவே கருவியைத் தள்ளி வைப்பது தீர்வல்ல, அதனிடம் கேட்கும் கேள்வியைத் திருத்த வேண்டும். நுரையீரல் உறைக்குள் காற்று புகுந்துள்ளதா, நீர் சேர்ந்துள்ளதா, சேதம் எவ்வளவு பரவியுள்ளது, நேற்றைவிட இன்று கூடியுள்ளதா என்றெல்லாம் கேட்டால் அது விரைவாகவும் நம்பகமாகவும் பதில் சொல்லும். கேஸ் ஷீட்டில் ‘வைரஸ் நிமோனியா’ என்று முடித்துவிடாமல், ‘இருபுறமும் திட்டுத்திட்டான பாதிப்பு, வைரஸ் தொற்றாக இருக்கலாம், பரிசோதனை முடிவு வரவேண்டும்’ என்று எழுதினால், அடுத்த ஷிஃப்டில் வரும் மருத்துவர் இதயத்தையும் பாக்டீரியாவையும் மறந்துவிடமாட்டார்.