குவளையில் இரண்டெழுத்து

மியூனிக்குக்கு வருகிற உறவினர்கள் எல்லோரும் ஒருநாள் கேட்பார்கள்: "அந்தப் பெரிய பியர்க்கடை எங்க இருக்கு?" கேட்பவர் பியரைத் தொடாதவராகவும் இருக்கக்கூடும். சென்ற கோடையில் இலண்டனிலிருந்து வந்த என் மருமகனும் கேட்டான். முப்பது வருடங்களுக்கு மேலாக இந்த நகரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழ்கிற நான் ஹோப்புறோய்ஹவுஸுக்குள் போனது மொத்தம் நான்கு தடவைகள். நான்கிலும் யாராவது கூட வந்திருந்தார்கள். தனியே போகவேண்டுமென்று ஒருநாளும் தோன்றியதில்லை. புத்தகங்களையும் படங்களையும் விமர்சிக்கிற நாம், நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்தெழும்புகிற ஒரு மண்டபத்தை ஏன் விமர்சிக்கக் கூடாது என்ற எண்ணம் இம்முறைதான் வந்தது.

மரியன்பிளாற்ஸிலிருந்து சில நிமிட நடை. கமராவும் கையுமாகப் போகிற கூட்டத்தின் பின்னால் போனாலே போதும், வழி கேட்கத் தேவையில்லை. உள்ளே வளைந்த கூரையின் கீழ் நீள நீளமான மர மேசைகள். ஒரு மூலையில் பித்தளை வாத்தியக் குழு. இடம் காட்ட ஆளில்லை. வாங்கில் வெறுமையைக் கண்டால் உட்காரவேண்டியதுதான். எங்கள் மேசையில் ஏற்கெனவே ஒரு ஜப்பானியக் குடும்பமும் இரண்டு இத்தாலிய இளைஞர்களும் இருந்தார்கள். 2024 ஒக்ரோபர் விழாக் கூடாரங்களில் ஒரு லீற்றர் பியர் 13.60 யூரோவிலிருந்து 15.30 யூரோ வரை விற்றது. இங்கே அதைவிடக் குறைவு.

"மாமா, இது எங்கட வெதர்ஸ்பூன் மாதிரித்தான். பாட்டு மட்டும் கூட" என்றான் மருமகன்.

வெதர்ஸ்பூன் என்பது 1979 இல் இலண்டனில் தொடங்கிய மலிவு விலை மதுச்சாலைச் சங்கிலி. அதன் கடைகள் சிலவற்றுக்கு 'தண்ணீருக்கடியில் நிலவு' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் உண்டு. அந்தப் பெயர் ஜோர்ஜ் ஓர்வெல் 1946 இல் எழுதிய ஒரு பத்திரிகைக் கட்டுரையிலிருந்து வந்தது. தனக்குப் பிடித்த மதுச்சாலை எப்படியிருக்கும் என்று விபரமாக எழுதிவிட்டு, அப்படியொன்று கிடையாது என்று ஓர்வெல் கடைசியில் ஒத்துக்கொள்கிறார். இல்லாத ஒரு கடையின் பெயரில் பின்னர் பல கடைகள் எழும்பின. மருமகனின் ஒப்பீடு பிழையில்லை. ஹோப்புறோய்ஹவுஸும் இன்று ஒரு சங்கிலிதான். 2003 இல் அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்து நியூபோர்ட்டிலும், 2004 இல் லாஸ் வேகாஸிலும் அதே பெயரில் கடைகள் திறக்கப்பட்டன. லாஸ் வேகாஸில் மியூனிக் மண்டபத்தையே பார்த்துக் கட்டியிருக்கிறார்கள்.

ஆனால் மூலம் என்று நாம் நம்புகிற மியூனிக் கட்டடம் மட்டும் எவ்வளவு மூலம்? 1589 இல் பவேரியக் கோமகன் ஐந்தாம் வில்ஹெல்ம் அரண்மனைக்கென்று இந்த வடிசாலையைத் தொடங்கினார். அதுவரை வடக்கேயுள்ள ஐன்பெக் நகரத்திலிருந்து பியர் தருவித்ததில் செலவு கட்டுப்படியாகவில்லை. பவேரியாவின் பெருமையென்று சொல்லப்படும் 'பொக்' பியரின் பெயரே ஐன்பெக் என்ற ஊர்ப்பெயரின் திரிபு. வடிசாலை வேறிடத்துக்கு மாறியபின், இப்போதுள்ள கட்டடம் 1897 இல் பழைய பாணியில் புதிதாக எழுப்பப்பட்டது. இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் அதன் பெரும்பகுதி அழிந்தது. மேல்மாடி விழா மண்டபத்தை 1958 இல் மீளக் கட்டி முடித்தார்கள். மணிக்கொருதரம் வாத்தியக்காரர் வாசிக்கிற, இந்தக் கடையின் பெயர்கொண்ட பாட்டுக்கு 1935 இல் மெட்டமைத்தவர் பெர்லின்காரரான வீகா காப்ரியேல். ஆக, பாரம்பரியம் என்று நாம் படமெடுத்துப் போவதில் வெளியாரின் கை நிறையவே இருக்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சுத்தமான பண்பாடு என்று மேடைகளில் முழங்குகிற எம்மவர் கவனத்துக்காகச் சொல்கிறேன்.

மலிவு என்பதற்கும் ஒரு கதை உண்டு. பொதுமக்களுக்கு இந்த இடத்தைத் திறந்துவிட்டவர் மன்னர் முதலாம் லுட்விக். ஆண்டு 1828. பதினாறு வருடங்கள் கழித்து, 1844 மே மாதத் தொடக்கத்தில், பியர் விலை ஏறியபோது மியூனிக் தொழிலாளர்கள் வடிசாலைகளை அடித்து நொறுக்கினார்கள். அடக்கப் படையினர் முன்வரவில்லை. மன்னர் விலையைக் குறைத்தார். அதே வருடம் ஹோப்புறோய்ஹவுஸில் விலையை மேலும் குறைத்தார். படையினருக்கும் உழைக்கும் மக்களுக்கும் மலிவான பானம் கிடைக்கவேண்டுமாம். இளைஞராயிருந்த எங்கெல்ஸ் இந்தக் கலகத்தைப் பற்றி அவ்வருடமே ஆங்கிலத் தொழிலாளர் பத்திரிகையொன்றில் எழுதினார். வரி விடயத்தில் அரசைப் பயமுறுத்தலாம் என்று கண்டுகொண்ட மக்கள் பெரிய விடயங்களிலும் அதைச் செய்யப் பழகுவார்கள் என்பது அவருடைய கணிப்பு. மன்னரும் அதைத்தான் கணித்திருக்கவேண்டும். மலிவுக் குவளையில் கருணையோடு கணக்கும் கலந்திருந்தது.

இந்த மேசைகளில் எங்களைப்போன்ற ஓர் அகதியும் இருந்திருக்கிறார். லெனின் 1900 முதல் 1902 வரை மியூனிக்கில் ஒளித்து வாழ்ந்தார். முதலில் மாயர் என்ற பெயரில், பிறகு பல்கேரியக் கடவுச்சீட்டில். 'தலைமாத்தின பாஸ்போட்' என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 1913 இல் சுவிற்சர்லாந்திலிருந்து திரும்பும் வழியில் சில மணிநேரம் இந்த நகரத்தில் தங்கியபோது நண்பரொருவருடன் இந்தப் பியரைக் குடித்ததை அவருடைய மனைவி குரூப்ஸ்காயா நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். சுவரிலும் குவளையிலும் 'எச் பி' என்ற இரண்டெழுத்து. கடையின் பெயர்ச் சுருக்கம்தான். ஆனால் அதே எழுத்துருக்கள் ருஷ்ய நெடுங்கணக்கில் 'என்', 'வி' என்று ஒலிக்கும். 'நரோத்னயா வோல்யா', அதாவது மக்கள் சித்தம் என்ற புரட்சி இயக்கத்தின் முதலெழுத்துகள். குரூப்ஸ்காயா அதைச் சொல்லிச் சிரித்தாராம். அந்த இயக்கத்தின் பெயரில் சாரைக் கொல்ல முயன்றதற்காக 1887 இல் தூக்கிலிடப்பட்டவர் லெனினின் அண்ணன். சிரிப்புக்குள் அதுவும் இருந்திருக்கும். அகதி எந்தச் சுவரிலும் தன் ஊரெழுத்தைத்தான் முதலில் வாசிக்கிறான்.

நான் இதைச் சொன்னபோது மருமகன் குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வேற யார் இஞ்ச வந்தது?" என்றான்.

சொன்னேன். 1919 ஏப்ரல் 13 அன்று தொழிலாளர், படையினர் சபைகள் இந்தக் கட்டடத்தில் கூடித்தான் கம்யூனிஸ்டுகளின் தலைமையில் சபைக் குடியரசைத் தொடர முடிவெடுத்தன. தலைமை தாங்கிய ஒயிகன் லெவினே சென்ற் பீற்றர்ஸ்பேர்க்கில் பிறந்த யூதர். மே மாதத் தொடக்கத்தில் அந்த அரசு இரத்தத்தில் மூழ்கியது. ஜூன் 5 அன்று லெவினேயைச் சுட்டார்கள். அந்தக் கூட்டம் நடந்து பத்து மாதங்களில், 1920 பெப்ரவரி 24 அன்று, மேல்மாடி விழா மண்டபத்தில் ஏறத்தாழ 2000 பேர் முன்னிலையில் ஹிட்லர் தன் கட்சியின் 25 அம்சத் திட்டத்தை வாசித்தார். நாலாவது அம்சம், ஜேர்மன் இரத்தம் உள்ளவனே பிரஜை, யூதர் ஒருவரும் பிரஜையாக முடியாது என்றது. எட்டாவது, ஜேர்மனியர் அல்லாதோர் இனிமேல் குடியேறக் கூடாது, 1914 ஆகஸ்ட் 2 இற்குப் பிறகு வந்தவர்கள் உடனே வெளியேறவேண்டும் என்றது. குடித்துக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

மருமகன் சுவர்களைப் பார்த்தான். வெதர்ஸ்பூன் கடைகளில் அந்தந்த ஊரின் சரித்திரத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். இங்கே எங்கள் கண்ணுக்கெட்டிய தூரத்தில் 1920 பற்றி ஒரு சொல்லும் தெரியவில்லை. நகரம் அதை மறைக்கிறது என்று சொன்னால் அநியாயம். 2015 இல் நாசிக் கட்சியின் தலைமையகம் நின்ற இடத்தில் அந்தக் காலத்துக்கென்றே ஓர் ஆவண மையத்தைத் திறந்திருக்கிறார்கள். இங்கிருந்து நடந்து போகலாம். ஆனால் இந்த ஏற்பாட்டில்தான் எனக்கு இடறுகிறது. நினைப்பதற்கு ஒரு கட்டடம், பாடுவதற்கு வேறொரு கட்டடம். பாடுகிற கட்டடத்தில் வரிசையாகச் சனம் நிற்கிறது. மண்டபத்தின் மீது என் முதலாவது விமர்சனம் இதுதான்: எல்லோரையும் உள்ளே விடுகிறது, ஆனால் எல்லாவற்றையும் உள்ளே விடுவதில்லை.

இரண்டாவது விமர்சனம் என் சொந்தக் கதையிலிருந்து வருகிறது. நான் வந்தது 1993 இல். அந்த வருட நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி அகதி விண்ணப்பக்காரருக்குச் சாப்பாடு பொருளாகவும் கைச்செலவுக்கு மாதம் 80 மார்க்கும். பதிந்த மாவட்டத்தை விட்டு வெளியே போக அனுமதிக் கடிதம் வேண்டும். முகாமிலிருந்து மூன்று பேர் அப்படியொரு கடிதத்தோடு மியூனிக் வந்த நாளில்தான் முதன்முதலாக இந்தக் கடைக்குள் நுழைந்தோம். ஒரு குவளையை எடுத்து மூன்றாகப் பங்கிட்டோம். ஒருவரும் எங்களை முறைக்கவில்லை. பக்கத்து மேசைக் கிழவர் குவளையைத் தூக்கிக் காட்டினார். நாங்களும் தூக்கிக் காட்டினோம். கடைசி ரயிலைத் தவறவிடாமல் ஓடினோம். இந்த வடிசாலை இன்றும் பவேரிய மாநில அரசின் சொத்து. குவளையை நீட்டிய கையும் எல்லையைக் கீறிய கையும் ஒரே உடலின் இரண்டு கைகள் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

பிறகு பதினொரு வருடங்கள் வேறொரு உணவகத்தின் அடுக்களையில் குவளை கழுவினேன். ஒரு லீற்றர்க் கண்ணாடிக் குவளை வெறுமையாகவே ஒரு கிலோவுக்கு மேல். இரவு முடியும்போது மணிக்கட்டு அதைச் சொல்லும். ஹோப்புறோய்ஹவுஸில் வழமைக்காரர் தங்கள் சொந்தக் குவளைகளைப் பூட்டி வைக்கக் கம்பிப் பெட்டிகள் உண்டு. அவர்களுக்கென்று ஒதுக்கிய மேசைகளும் உண்டு, ஸ்டாம்டிஷ் என்பார்கள். அந்தப் பெட்டிகளின் முன்னால்தான் மருமகன் நெடுநேரம் நின்றான். மலிவான விலை யாரையும் உள்ளே கொண்டுவரும். ஆனால் ஓரிடம் சொந்தமாவது திறப்புக் கையில் இருக்கும்போதுதான்.

இவ்வளவையும் எழுதிவிட்டு எங்கள் பக்கம் திரும்பாவிட்டால் இது விமர்சனமாகாது. நாங்களும் மண்டபங்கள் எடுக்கிறோம். மேடையில் மட்டையில் வெட்டிய பனைமரம், பின்னால் நல்லூர்க் கோபுரம், வாசலில் நிறைகுடம். லாஸ் வேகாஸ்காரர் கூரையைப் பிரதி செய்ததுபோல நாங்கள் ஊரைப் பிரதி செய்கிறோம். நாங்கள் இழந்தவற்றின் படங்கள் சுவரில் இருக்கின்றன. இருக்கவும் வேண்டும். ஆனால் 1990 ஒக்ரோபரில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியதற்கு அந்தச் சுவரில் படமில்லை. நாசிகளோடு யாரையும் நான் சமப்படுத்தவில்லை. பாடுகிற மண்டபத்தில் எதை மாட்டுவதில்லை என்ற பழக்கத்தைத்தான் ஒப்பிடுகிறேன்.

மேல்மாடியைப் பார்க்கலாமா என்று மருமகன் கேட்டான். ஏதோ தனியார் வைபவம், கதவு சாத்தியிருந்தது. அடுத்த நாள் கார்த் தொழிற்சாலை பார்க்க இருந்தவன் அதை விட்டுவிட்டு ஆவண மையத்துக்குத் தனியே போய்வந்தான். இலண்டன் திரும்பி ஒரு கிழமைக்குப் பிறகு தொலைபேசியில் கேட்டான்: "மாமா, தொண்ணூறிலை நீங்கள் எங்க இருந்தனீங்கள்?"

யாழ்ப்பாணத்தில்தான் இருந்தேன். ஒக்ரோபர் 30. இரண்டு மணித்தியால அவகாசம் கொடுத்தார்கள். எனக்குச் சட்டை தைக்கிற கடை சோனகதெருவில் இருந்தது. துணி கொடுத்து ஒரு கிழமை. பின்னேரம் போனபோது பூட்டியிருந்தது. தெருவில் சனமில்லை. நான் துணியைப் பற்றித்தான் முதலில் யோசித்தேன். இதை அவனிடம் சொன்னேன். இதுவரை ஒருவரிடமும் சொல்லாததையும் சேர்த்துச் சொன்னேன்: அந்தத் தையற்காரரின் முழுப்பெயர் எனக்குத் தெரியாது. பத்து வருடங்களாக அவரிடம்தான் தைத்தேன்.