கை கேட்பதும் காது கேட்பதும்

2016ஆம் ஆண்டின் இறுதியில் மாஸ்டிராப் என்ற அமெரிக்க இணையக் கடை ஒரு ஹெட்ஃபோனை 199.99 டாலருக்கு விற்பனைக்கு வைத்தது. பெயர் எச்டி 6எக்ஸ்எக்ஸ். தயாரிப்பு ஜெர்மனியின் சென்ஹைசர். உண்மையில் அது புது மாடலே கிடையாது. 2003 முதல் விற்றுக்கொண்டிருந்த, பட்டியல் விலையாக 500 டாலர் போட்டிருந்த எச்டி 650தான் அது. சாம்பல் நிறம் போய்க் கருநீலம் வந்தது. மூன்று மீட்டர் கேபிள் ஆறடியாகச் சுருங்கியது. அதன் முனையில் தடித்த பின்னுக்குப் பதிலாக போனில் சொருகும் சின்னப் பின். பெட்டி எளிமையானது. அவ்வளவுதான். உள்ளே இருந்த டிரைவர் அதே குடும்பம், காதில் விழுந்த ஒலியும் அதே. நடுவில் கடைகளும் விநியோகஸ்தர்களும் இல்லாமல் மொத்தமாக ஆர்டர் சேர்த்து விற்றதால் விலை பாதிக்கும் கீழே இறங்கியது.

என்னிடம் ஒரு 6எக்ஸ்எக்ஸ் இருக்கிறது. யார் கையில் கொடுத்தாலும் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: "என்னடா இது, பிளாஸ்டிக்கா இருக்கு?" மொத்த எடை 260 கிராம். காதுப் பகுதியைத் திருப்பினால் லேசாகக் கிறீச்சிடும். தலைமேல் வரும் பட்டை, கடையில் 1,500 ரூபாய்க்குக் கிடைக்கும் எந்த ஹெட்ஃபோனையும்விட ஆடம்பரமாக இல்லை. பாட்டைப் போட்டுக் காதில் மாட்டிவிட்ட பிறகு அந்தக் கேள்வி திரும்ப வருவதில்லை. ஆனால் பாட்டுக்கு முன்பே ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. அதை எழுதுவது கை.

கையைக் குறை சொல்லவும் முடியாது. பாத்திரக் கடையில் எவர்சில்வர் குடத்தைத் தூக்கிப் பார்த்து, விரலால் சுண்டிப் பார்த்து வாங்கும் ஊர் நம்முடையது. அங்கே எடை பொய் சொல்லாது. கனமான குடம் என்றால் தடித்த தகடு. தடித்த தகடு என்றால் நசுங்காது. அந்தப் பழக்கத்தை அப்படியே தூக்கிக்கொண்டு ஹெட்ஃபோன் கடைக்குப் போகிறோம். "வெயிட்டா இருக்கு, சாலிடா இருக்கு" என்கிறோம். குடத்தை இடுப்பு தாங்குகிறது, ஹெட்ஃபோனைக் கழுத்தல்லவா தாங்க வேண்டியிருக்கிறது? ஆடிஸி நிறுவனத்தின் எல்சிடி-எக்ஸ் 600 கிராமுக்கும் மேல். மெல்லிய படலத்தைக் காந்தங்களுக்கு நடுவே அசைத்து ஒலி எழுப்பும் பிளேனர் வகை அது; அந்தக் காந்தங்களும் அவற்றைத் தாங்கும் உலோகமுமே எடையின் பெரும் பகுதி. அதாவது அங்கே எடை ஒரு செலவு. 2009இல் சென்ஹைசர் தன் உச்ச மாடலான எச்டி 800ஐக் கொண்டுவந்தபோது விலை ஆயிரம் டாலருக்கு மேல். எடை 330 கிராம்தான், உடலின் பெரும் பகுதி பிளாஸ்டிக். மூன்று மணிநேரம் தலையில் இருக்க வேண்டிய பொருளுக்கு அது சிக்கனமில்லை, வடிவமைப்பு.

கண்ணும் கையும் காதின் தீர்ப்பில் எவ்வளவு தலையிடும் என்பதற்குப் புகழ்பெற்ற சோதனை ஒன்று உண்டு. 1994இல் ஃப்ளாய்ட் டூலும் சீன் ஆலிவும் ஹார்மன் நிறுவனத்தில் 40 பேரை உட்காரவைத்து நான்கு ஸ்பீக்கர்களுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். ஒருமுறை திரைக்குப் பின்னால் வைத்து, இன்னொரு முறை கண்ணுக்குத் தெரியும்படி. திரை விலகியதும் பெரிய, விலையுயர்ந்த பெட்டிகளின் மதிப்பெண் ஏறியது. விலை குறைந்த சின்ன பிளாஸ்டிக் ஸ்பீக்கரின் மதிப்பெண் இறங்கியது. கேட்டவர்களில் பலர் அந்தத் துறையிலேயே வேலை செய்பவர்கள்.

ஸ்பீக்கருக்குத் திரை போடலாம். ஹெட்ஃபோனுக்கு எப்படிப் போடுவது? ஆலிவின் குழு 2012இல் முயன்றது. சோதனையாளர் பின்னால் நின்று ஹெட்ஃபோனைத் தலையில் மாட்டிவிடுவார். கேட்பவர் அதைப் பார்க்கக் கூடாது, கையால் தொட்டுத் தடவவும் கூடாது. அப்போதும் எடை உச்சந்தலையில் தெரியும், அழுத்தம் கன்னத்தில் தெரியும். அதனால் பிறகு வேறு வழிக்குப் போனார்கள்: ஒரே ஹெட்ஃபோனைத் தலையில் மாட்டிவிட்டு, மற்றவற்றின் ஒலித்தன்மையை மென்பொருளால் அதன் வழியே போலச் செய்துகாட்டினார்கள். உடலைக் கழற்றிவிட்டு ஒலியை மட்டும் கேட்பதற்கு அவ்வளவு பாடு.

அப்படிக் கழற்றிப் பார்த்தால் விலைக்கும் ஒலிக்கும் என்ன உறவு? 2017இல் யெரூன் பிரேபார்ட் 280க்கும் மேற்பட்ட ஹெட்ஃபோன்களின் ஃப்ரீக்வென்ஸி ரெஸ்பான்ஸை, அதாவது தாழ்ந்த ஸ்தாயி முதல் உச்ச ஸ்தாயி வரை எதை எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்ற வரைபடத்தை, அவற்றின் விற்பனை விலையோடு வைத்துப் பார்த்தார். தொடர்பு இல்லை என்பதே கட்டுரையின் தலைப்பு, முடிவும் அதுதான்.

இந்த இடத்தில் ஒரு கோஷ்டி உற்சாகமாகக் கை தட்டும். "நாங்கதான் அப்பவே சொன்னோமே, கிராஃபைப் பாரு, பாடியைப் பாக்காதே. தள்ளுபடியில் வருதா, ஒலி நல்லாருக்கா, வாங்கிப் போடு." பல வருடம் நானும் இந்தப் பக்கம் சாய்ந்து நின்றவன்தான், பாதிக்கு மேல் இன்றும் ஒப்புக்கொள்கிறேன். மீதியில்தான் எனக்கு வழக்கு.

முதல் சிக்கல், உடல் வேறு ஒலி வேறு என்ற பிரிவே ஹெட்ஃபோனில் முழுதாகப் பொருந்துவதில்லை. காதைச் சுற்றி அமரும் பேட் வெறும் மெத்தை கிடையாது. காதுக்கும் டிரைவருக்கும் நடுவே உள்ள தூரத்தையும் காற்றின் அளவையும் தீர்மானிப்பது அது. பேட் அமுங்கி நைந்தால் ஒலி மாறுகிறது. மூடிய வகை ஹெட்ஃபோனில் பட்டையின் பிடி தளர்ந்து ஓரத்தில் இடைவெளி விழுந்தால் முதலில் ஓடிப்போவது பாஸ். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் செயற்கைத் தோல் பேட் எவ்வளவு காலம் நிற்கும் என்பது ஹெட்ஃபோன் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தோலில் பூசியிருக்கும் பாலியூரித்தேன் ஈரப்பதத்தில் சிதையும். ஒருநாள் காதோரம் கறுப்புத் துகள்கள் ஒட்டியிருக்கும். அன்று கெட்டது தோற்றம் மட்டுமில்லை, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வரைபடமும்தான்.

இதன் மறுமுனையில் சோனியின் எம்டிஆர்-ஆர்10 இருக்கிறது. 1989, ஜப்பானில் 3,60,000 யென். காதுக் கிண்ணங்கள் ஸெல்கோவா மரத்தில் குடைந்தவை. டிரைவரின் படலம் பாக்டீரியா நெய்யும் செல்லுலோஸில் செய்தது. அந்த மரம் அலங்காரத்துக்கு மட்டும் வைத்ததில்லை. டிரைவருக்குப் பின்னால் ஒலி அலையும் அறையே அதுதான். அங்கே கட்டுமானத்தை எடுத்துவிட்டால் ஒலி மிஞ்சாது.

இரண்டாவது சிக்கல், தள்ளுபடி. 6எக்ஸ்எக்ஸ் மாதிரி ஆடம்பரத்தைக் கழித்துவிட்டு விற்பது ஒரு வகை. இன்னொரு வகையில் பொருள் அப்படியே இருக்கும், விலை மட்டும் வருடத்துக்கு வருடம் வழுக்கிக்கொண்டே போகும். சீனாவின் ஹைஃபைமேன் நிறுவனம் தன் மாடல்களுக்குச் சுந்தரா, ஆனந்தா, ஆர்யா, தேவா, சுஸ்வரா என்று பெயர் வைக்கும். பட்டியலைப் படித்தால் தொண்ணூறுகளின் தமிழ்ப்பட டைட்டில் கார்டு ஓடுகிற மாதிரி இருக்கும். சுந்தரா 499 டாலருக்கு வந்தது, சில வருடங்களில் 299க்குக் கிடைத்தது. ஒலியைப் பொறுத்தவரை வாங்குபவருக்கு இது கொண்டாட்டம். ஆனால் விலை இறங்கும்போது நம் தராசும் கூடவே இறங்குவதைக் கவனித்திருக்கிறேன். 500க்குக் குறையாகத் தெரிந்தது 300க்கு "இந்த விலைக்கு இது ஓகே" ஆகிவிடுகிறது. கீல் ஆடினால் ஆடட்டும், ஒலி செமையா இருக்கே. சந்தையில் இறங்கிய விலை நம் கேள்விகளுக்கும் தள்ளுபடி கொடுத்துவிடுகிறது.

கேட்காமல் விட்ட கேள்வி எப்படித் திரும்பி வரும் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். பெயர் வேண்டாம். பாதி விலையில் வந்த ஒரு உயர்ரக ஹெட்ஃபோன் பதினான்கு மாதம் என் மேசையில் இருந்தது. வெளியே பளபளப்பான அலுமினியம். ஆனால் பட்டையும் காதுப் பகுதியும் சேரும் கவையில், அதாவது ஒவ்வொரு முறை மாட்டும்போதும் மொத்த விசையும் விழும் இடத்தில், பெயின்ட் அடித்த பிளாஸ்டிக். ஒரு பக்கம் விரிசல் விட்டது. வாரன்ட்டி பன்னிரண்டு மாதம். அந்தப் பாகம் தனியாக விற்பனைக்கு இல்லை, விருப்பமிருந்தால் புதியதைச் சிறப்புத் தள்ளுபடியில் வாங்கிக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. ரிச்சி தெருவில் ஒருவரிடம் கொண்டுபோனேன். போனில் சொருகி ஒரு பாட்டு முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சவுண்டு சூப்பரா இருக்கு சார். தலைல மாட்டத்தான் வழியில்ல."

இதைவிடக் கச்சிதமான விமர்சனத்தை நான் எந்த ரிவ்யூவிலும் படித்ததில்லை. ரிவ்யூக்கள் பெரும்பாலும் முதல் சில வாரங்களில் எழுதப்படுகின்றன. அந்தச் சில வாரத்தில் கட்டுமானம் என்றால் தொடு உணர்ச்சி மட்டும்தான்: உலோகம் குளிர்ச்சியாக இருக்கிறதா, கீல் வழுவழுப்பாகத் திரும்புகிறதா. கட்டுமானத்தின் உண்மையான வேலை காலத்தைத் தாங்குவது. முதல் மாதத்தில் அந்த வேலையே தொடங்கியிருக்காது. புத்தகத்தின் அட்டையை மட்டும் பார்த்து எழுதிய மதிப்புரை போல, கட்டுமானத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று ஒரு மதிப்பெண் அதற்குள் விழுந்துவிடுகிறது.

இப்போது அந்தக் கிறீச்சிடும் பிளாஸ்டிக்கை மறுபடி கையில் எடுப்போம். எச்டி 600 வெளிவந்தது 1997இல். அந்தக் குடும்பத்தின் அடிப்படை உடல் இன்றுவரை பெரிதாக மாறவில்லை. பேட் கழன்று வரும். கேபிள் கழன்று வரும். வெளிக் கிரில், உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சு, டிரைவர், தலைமேல் வரும் மெத்தை எல்லாமே கையால் பிரித்துக் கையாலேயே மாட்டலாம். பசை ஒட்டி மூடிய இடம் அபூர்வம். தலைப்பட்டையை அதிகமாக விரித்தால் விரிசல் விடும், அது தெரிந்த பலவீனம். ஆனால் பட்டையும் உதிரிபாகமாகக் கிடைக்கும். நான் இதுவரை இரண்டு முறை பேட் மாற்றியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒலி தன் பழைய இடத்துக்குத் திரும்பி வந்தது. கை இதைப் பார்த்து "மட்டம்" என்று சொன்னது. கைக்குத் தெரிந்தது பளபளப்பும் எடையும்தான். கழற்றி மாட்டும் வசதியைத் தொட்ட மாத்திரத்தில் அதற்குக் கண்டுபிடிக்கத் தெரியாது.

மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்பதால் இதை என் தொழில்மொழியில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். எந்தப் பிழையைப் பிறகு திருத்த முடியும், எதைத் திருத்த முடியாது என்பதுதான் எங்கள் வேலையில் முதல் கேள்வி. ஒலி கொஞ்சம் கூர்மையாக இருக்கிறதா, பாஸ் குறைகிறதா? இலவச ஈக்வலைசர் மென்பொருள் ஒன்றைப் போட்டுப் பத்து நிமிடத்தில் பெருமளவு சரிசெய்துவிடலாம். டிரைவரின் சிதைவு, இடது வலது பொருந்தாமை போன்ற சிலவற்றை அதனால் தீர்க்க முடியாது, உண்மை. ஆனால் ஒரு ஹெட்ஃபோனை இன்னொன்றிலிருந்து பிரித்துக்காட்டுவதில் பெரும் பங்கு அந்த வரைபடத்துக்குத்தான், அது இன்று திருத்தக்கூடியது. உடைந்த கவைக்கு அப்டேட் வராது. ஆகவே "ஒலிதான் முக்கியம், உடம்பு இரண்டாம்பட்சம்" என்ற ரசிகர்களின் வரிசை இன்றைக்குத் தலைகீழாகியிருக்கிறது என்பதே என் கட்சி. முப்பது வருடம் முன்பு ஒலியின் குறை நிரந்தரம்; கேபிள் போனால் தெருமுனை ரேடியோக் கடையில் பற்றவைத்துக்கொள்ளலாம். இப்போது ஒலியின் குறை தற்காலிகம். பசையால் மூடிய உடம்பின் குறை நிரந்தரம்.

இதனால் உலோகத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அலுமினியமும் மரமும் தோலும் நல்ல கட்டுமானத்தின் அறிகுறியாக இருக்கலாம், வேஷமாகவும் இருக்கலாம். விசை விழும் இடத்தில் என்ன பொருள் இருக்கிறது, நைந்துபோகும் பாகம் தனியாகக் கிடைக்கிறதா என்ற இரண்டைத்தான் நான் கட்டுமானம் என்கிறேன். மற்றதெல்லாம் ஒப்பனை, அதற்கும் ஒரு விலை உண்டு, விரும்பினால் கொடுக்கலாம்.

உயர்ரக ஹெட்ஃபோன் பாதி விலையில் வரும்போது நான் இப்போது பாட்டைப் போடும் முன்பு பேட்டைத் தேடுகிறேன். அசல் பேட் தனியாக விற்கிறார்களா, என்ன விலை, நம் ஊருக்கு அனுப்புவார்களா? கேபிள் கழலுமா, அதன் முனை எல்லா இடத்திலும் கிடைக்கும் வகையா? மேலே தெரிவது ஸ்க்ரூவா, பசையா? இதற்கு முந்தைய மாடலுக்கு இன்னும் உதிரிபாகம் வருகிறதா? கடைசிக் கேள்விதான் அதிகம் சொல்கிறது, ஏனென்றால் இன்று தள்ளுபடியில் இருக்கும் மாடல்தான் நாளைய முந்தைய மாடல். பத்து நிமிட வேலை. பதில்கள் சரியாக இருந்தால், பிளாஸ்டிக்கோ தகரமோ, தயங்காமல் வாங்கி விடுகிறேன். கிறீச்சிட்டால் கிறீச்சிடட்டும், பாட்டு ஓடும்போது தலையை ஆட்டாமல் உட்கார்ந்தால் அதுவும் கேட்காது.