படிக்குப் படி மஞ்சள்

மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடந்து ஏறினால் 3,550 படிகள், ஏறத்தாழ 9 கிலோமீட்டர். இருபுறமும் சேஷாசலக் காடு அத்தனை அழகு. என் கண் என்னவோ படிகளை விட்டு நகராது. படியின் முகப்பெல்லாம் மஞ்சள், அதன்மேல் குங்குமம்.

வேண்டுதல் உள்ள தம்பதிகள் இதைச் சேர்ந்தே செய்கிறார்கள். மனைவி குனிந்து, குழைத்த மஞ்சளை விரல்களால் ஒரே இழுப்பாக இழுக்கிறார். நடுவில் மோதிரவிரலால் ஒரு பொட்டு. பின்னாலேயே கணவர் சூடம் ஏற்றுகிறார். காற்றடித்தால் உள்ளங்கையைக் குவித்து அணைகட்டுகிறார். "கொஞ்சம் நிமிர்ந்து நில்லும்மா, நான் வைக்கிறேன்" என்று கிண்ணத்தை வாங்கிக்கொள்பவர்களும் உண்டு. இரண்டு மனைவியரோடு கைகூப்பி நிற்கும் கிருஷ்ணதேவராயரின் உலோகச் சிலைகள் மேலே கோயிலுக்குள் இருக்கின்றன. அவற்றுக்குக் குறையாத அழகு இந்தச் சோடிகளுக்கு.

வெறுமனே ஏறுபவர்களுக்கே வழியிலுள்ள காலிகோபுரம் வருவதற்குள் மூச்சு வாங்கிவிடும். இவர்களோ படிக்குப் படி குனிந்து நிமிர்கிறார்கள். கடைசியில் மோகாளு மிட்டாவின் செங்குத்தான ஏற்றம், முழங்காலைப் பதம்பார்க்கும் இடம். அங்கேயும் ஒரு படியைக்கூட விடுவதில்லை; பொட்டு கோணினால் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார்கள்.