தரவு இருப்பிடக் குறிப்பும் மட்டாஞ்சேரிச் செப்பேடும்

ஆய்வுக்கு அடிப்படையான தரவுகள் எங்குள்ளன, அவற்றை எவ்வாறு பெறலாம் என்று கட்டுரையின் இறுதியில் தெரிவிக்கும் பகுதியைத் தரவு இருப்பிடக் குறிப்பு எனலாம். பன்னாட்டு ஆய்விதழ்கள் பல இன்று இதனைக் கட்டாயமாக்கியுள்ளன. அவற்றில் பெருவழக்காக உள்ள வாய்பாட்டைத் தமிழாக்கினால், 'தக்க வேண்டுகோளின்பேரில் தரவுகள் கிடைக்கும்' என்றாகும். இத்தொடர் இருப்பிடக் குறிப்பு ஆகாது என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகின்றது.

1. தொடரின் அமைப்பு

'கிடைக்கும்' என்னும் வினைக்குத் தரவே எழுவாய். தருபவருக்குத் தொடரில் இடமில்லை. மேலும், இவ்வும் ஈற்று முற்று எதிர்காலத்தையும் காட்டும், இயல்பையும் காட்டும். எனவே இது வாக்குறுதியா செய்தியா என்பது தெளிவாகவில்லை. வேண்டுகோள் 'தக்கது' என்று துணிபவர் யாரென்பதும் கூறப்படவில்லை. இக்குறை இலக்கணத்தோடு நிற்பதன்று. 2022இல் வெளிவந்த மருத்துவத்துறை ஆய்வொன்றில், கேட்டால் தருவோம் என்று அறிவித்திருந்த 1,792 கட்டுரைகளின் ஆசிரியர்களிடம் தரவுகள் கேட்கப்பட்டன. தந்தவர் 122 பேரே.

2. செப்பேடு காட்டும் நெறி

கொச்சி மட்டாஞ்சேரிப் பரதேசி யூதர் தொழுகைக்கூடத்தைச் சார்ந்தது, பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பானுக்கு வழங்கிய வட்டெழுத்துச் செப்பேடு. இதன் படியொன்றைக் கிளாடியஸ் புக்கானன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுசென்றார். 1844இல் குண்டர்ட் இதனை மொழிபெயர்த்து ஆராய்ந்தார். பின்னர் ஹுல்ச், எபிகிராபியா இண்டிகா மூன்றாம் தொகுதியில் பாடத்தைப் பதிப்பித்தார். மரபுவழிச் செய்தி இதனைக் கி.பி. 379ஆம் ஆண்டினதாகக் கூறும், எம்.ஜி.எஸ். நாராயணன் கி.பி. 1000 என்று கணித்தார். அறுநூறு ஆண்டுக்கு மேற்பட்ட இவ்வேறுபாட்டை ஆராய்ந்து தீர்க்க முடிந்ததற்குக் காரணம், பாடம் அனைவர் கைக்கும் எட்டியதேயாம்.

'அஞ்சுவண்ணம்' என்னும் சொல்லின் வரலாறும் இத்தகையதே. குண்டர்ட் இதனை யூதரின் தனியாட்சிப் பகுதி எனக் கொண்டார். கி.பி. 849ஆம் ஆண்டுத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலும் பிற கடற்கரைக் கல்வெட்டுகளிலும் இச்சொல் பயின்றுவருதலை ஒப்புநோக்கிய பிற்கால அறிஞர், இது மேற்காசிய வணிகர் குழுவின் பெயர் எனத் தெளிந்தனர். தரவுகளின் இருப்பிடம் பதிவாகியிராவிடின், மொழிபெயர்ப்பாளர் இன்றும் முதற்பொருளையே எழுதிக்கொண்டிருப்பர்.

மூலம் எங்குள்ளது, மசிப்படியை உதவியவர் யார் என்பவற்றைத் தொடக்கத்திலேயே கூறுதல் எபிகிராபியா இண்டிகாவின் வழக்கம். சுவடி உதவியோரின் பெயரையும் ஊரையும் உ.வே. சாமிநாதையர் தம் முன்னுரைகளில் பதிந்தார். ஆகவே இந்நெறி நமக்குப் புதியதன்று.

3. வெளியிடலாகாத தரவு

எல்லாத் தரவையும் பொதுவில் வைத்தல் வேண்டும் என்பது இதன் பொருளன்று. கொச்சிக் கோட்டைப் பகுதியில் வாழும் தமிழ் வண்ணார் சமூகத்தாரின் பேச்சை ஒருவர் ஒலிப்பதிவு செய்தால், அதில் குடும்பச் செய்திகளும் கலந்திருக்கும். தகவலாளர் இசைவின்றி அதனை வெளியிடலாகாது. அந்நிலையில், எப்பகுதி மூடப்பட்டுள்ளது, ஏன் மூடப்பட்டது, எவர் இசைவு தேவை என்பவற்றைக் குறிப்பு கூறவேண்டும். காரணத்தோடு மறுத்தலும் செய்தியே. 'கிடைக்கும்' என்று கூறி அமைதல் செய்தியன்று.

4. முடிவு

குறிப்பு நான்கு வினாக்களுக்கு விடை தரவேண்டும்: மூலம் யார் பொறுப்பில் உள்ளது? ஆய்வாளர் பயன்படுத்திய வடிவம் எது? அதனை எங்கே காணலாம்? தடை உண்டெனின் யாது? சான்றாக, இச்செப்பேட்டை ஆய்பவர் பின்வருமாறு எழுதலாம்: 'மூலம் மட்டாஞ்சேரித் தொழுகைக்கூடத்தைச் சார்ந்தது, அதனை நான் நேரில் கண்டிலேன். எபிகிராபியா இண்டிகா மூன்றாம் தொகுதியின் பாடத்தையே பயன்படுத்தினேன். நான் வேறுபடப் படித்த இடங்களைப் பின்னிணைப்பில் தந்துள்ளேன்.' இங்கு ஒவ்வொரு வினைக்கும் எழுவாய் தெளிவாக உள்ளது. ஆசிரியர் மறைந்த பின்னும் இக்குறிப்பு பயன்தரும். அவர் முகவரியை மட்டுமே நம்பிய குறிப்போ அவரோடு முடிந்துவிடும்.